வினாத்தாளில் மியூ எல்லாம் எம் ஆகிவிட்டது. இந்தக் கிரேக்க எழுத்துகளை எப்படிச் சமாளிப்பது?

பாளை டிடிபி எழுதியது:

வணக்கம். பாளையங்கோட்டையில் பத்தொன்பது வருஷமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பிட் நோட்டீஸ் என்று எல்லாம் வரும். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வு நேரத்தில் கடை முழுக்க வினாத்தாள்தான். நான் படித்தது ப்ளஸ் டூ காமர்ஸ், பிறகு தட்டச்சு லோயர், ஹையர். இயற்பியல் சுத்தமாகத் தெரியாது. கேட்கப்போவது அதைப் பற்றித்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு டியூஷன் சென்டரிலிருந்து ப்ளஸ் டூ இயற்பியல் தாள் வந்தது. சாரே வேர்டில் அடித்து பென்டிரைவில் கொடுத்துவிட்டார். அவர் போட்டிருந்த எழுத்துரு அச்சில் மெலிந்து விழும். அதனால் வழக்கம்போல கண்ட்ரோல் ஏ போட்டு, மொத்தத்தையும் என் எழுத்துருவுக்கு மாற்றினேன். தமிழ் பளிச்சென்று வந்தது, நாலு பக்கத்தில் அடங்கியும் விட்டது. முந்நூறு பிரதி ஓட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு சார் போன். "என்னம்மா, மின்தேக்கி எல்லாம் மில்லி ஃபாரட்ல நிக்குது?"

அவர் μ போட்டு 10 மைக்ரோ ஃபாரட் என்று அடித்திருக்கிறார். என் தாளில் அந்த இடத்தில் ஆங்கிலச் சின்ன எம். மின்தடைக்கு 100 போட்டுப் பக்கத்தில் Ω வைத்திருக்கிறார். என் தாளில் அது பெரிய டபிள்யூ, அதாவது நூறு வாட் ஆகிவிட்டதாம். λ எல்லாம் எல். π எல்லாம் பி (p). θ எல்லாம் க்யூ. அந்தக் கணக்கில் மின்னூட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு க்யூ இருந்ததால் ஒரே வரியில் இரண்டு க்யூ நிற்கிறது.

கட்டம் கட்டமாக விழுந்திருந்தால் எனக்கே கண்ணில் பட்டிருக்கும். விழுந்த ஒவ்வொன்றும் இயற்பியலில் வேறு ஏதோ அர்த்தம் உள்ள எழுத்தாம். புரூஃப் பார்க்க வந்த தம்பியும் அதனால்தான் கோட்டை விட்டான். பிள்ளைகளில் பாதிப்பேர் மில்லி என்றே வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள். நடுவில் சார் அறை அறையாகப் போய்த் திருத்தம் வாசித்திருக்கிறார். காசைத் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனுஷர். நானாகத் தாள் விலையைக் கழித்துக்கொண்டேன்.

எனக்கு வெட்கம் எதில் தெரியுமா? பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கொட்டும். கடைக்குப் பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவள் நான். அதே வியாதி கிரேக்கத்துக்கும் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இப்போது என் சந்தேகங்கள். இந்த விஞ்ஞானிகளுக்கு இருபத்தாறு ஆங்கில எழுத்து போதாதா, எதற்குக் கிரேக்கம்? அடுத்தது, சாயல். வி மாதிரி ஒன்று, டி-யை வளைத்த மாதிரி ஒன்று, வட்டத்தில் கோடு கிழித்த மாதிரி இரண்டு மூன்று. எது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? போன வருஷம் ஒருவர் கையால் எழுதிக் கொடுத்த தாளில் ஒரு கிறுக்கல் இருந்தது. பேனா ஓடவில்லை போல, உதறிப் பார்த்திருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். அது எழுத்தாம்! கடைசியாக, கணினியில் இது மறுபடி நடக்காமல் இருக்க என்ன வழி? அரையாண்டு வந்துகொண்டிருக்கிறது.

சாக்பீஸ் எழுதியது:

தங்கச்சி, மனசை விட்டுவிடாதீர்கள். முப்பத்தொரு வருஷம் ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவன் நான். கரும்பலகையில் நான் எழுதிய மியூவுக்கு வால் தெரியாமல் போய், ஒரு வகுப்பே மில்லி போட்டு வந்து நின்றிருக்கிறது. அன்றைக்கு எனக்கு யாரும் தாள் விலை கழிக்கவில்லை.

உங்கள் கிறுக்கல் அநேகமாக ξ, க்ஸை. அதைப் பலகையில் ஒழுங்காக எழுதும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. மூன்று வளைவு போட்டுக் கீழே ஒரு வால் விடுவோம், பையன்கள் புழு என்பார்கள். மின்னியக்கு விசைக்குச் சிலர் இதைப் போடுவார்கள், சிலர் ε போடுவார்கள்.

முதல் நாள் வகுப்பில் இந்த எழுத்துகளைச் சொல்லும்போது கடைசி பெஞ்சுக்குக் கொண்டாட்டம்தான். μ என்றால் பூனை கத்தும். π என்றால் "மஞ்சப்பையா சார்?" என்பான் ஒருவன். χ, அதாவது கை என்றதும் ஒருவன் கையைத் தூக்குவான். ψ, சை என்றதும், "ச்சை, என்ன சார் எழுத்து இது!" நான் தடுத்ததில்லை. அப்படிச் சிரித்தவன் எவனும் பரீட்சையில் χ இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் எழுதியதில்லை. இதில் வேடிக்கை, இந்த உச்சரிப்பெல்லாம் இங்கிலீஷ்காரன் வழியாக நமக்கு வந்தது. இன்றைக்கு ஏதென்ஸில் போய்க் கேட்டால் பை என்பது 'பீ', மியூ என்பது 'மீ', பீட்டா என்பது 'வீட்டா'.

ஏன் கிரேக்கம் என்றீர்கள். இருபத்தாறு எழுத்து மளமளவென்று தீர்ந்துவிடும் தங்கச்சி. 1591இல் பிரான்ஸில் வியெட் என்பவர் தெரியாத அளவுக்கு உயிரெழுத்து, தெரிந்த அளவுக்கு மெய்யெழுத்து என்று ஓர் ஏற்பாடு செய்தார். 1637இல் டேக்கார்ட் அதை மாற்றி, தெரிந்ததற்கு அகரவரிசையின் முன்பக்கம், தெரியாததற்குக் கடைசிப்பக்கம் என்று வைத்தார். இன்றைக்கும் எக்ஸைக் கண்டுபிடி என்று பிள்ளைகளைப் படுத்துவது அவர் புண்ணியம். இப்படிக் கோடுகளுக்கு, புள்ளிகளுக்கு, மாறிகளுக்கு எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு கோணத்துக்கு எங்கே போவது? அந்தக் காலத்து ஐரோப்பியப் படிப்பாளிகள் லத்தீனோடு கிரேக்கமும் படித்தவர்கள். உங்கள் தொழில்காரர்களான அச்சுக்கோப்பவர்களிடமும் கிரேக்க ஈய எழுத்து ஏற்கெனவே இருந்தது. கையெட்டும் தூரத்தில் இன்னொரு பெட்டி, அதில் இருபத்து நாலு எழுத்து.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆளின் கைங்கர்யம்தான், எந்தக் கமிட்டியும் உட்கார்ந்து ஒரே நாளில் பங்கு பிரிக்கவில்லை. 1706இல் வில்லியம் ஜோன்ஸ் தன் கணக்குப் புத்தகத்தில் வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்துக்கு π போட்டார். சுற்றளவு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல் அந்த எழுத்தில் தொடங்குகிறது. ஜோன்ஸ் போட்டதோடு நின்றிருந்தால் அது அவர் புத்தகத்தோடு போயிருக்கும். ஆய்லர் என்ற கணித மேதை கையில் எடுத்துக்கொண்டார். அவருடைய 1748 புத்தகத்துக்குப் பிறகு யாரும் அதை மாற்ற முடியவில்லை. கூட்டலுக்கு Σ கொண்டுவந்தவரும் ஆய்லர்தான், 1755இல்.

உங்களைக் காலை வாரிய Ω இருக்கிறதே, அதை 1867இல் சொன்னவர் பிரீஸ் என்ற தந்தி இன்ஜினியர். ஓம் என்ற அலகின் பெயரும் ஒமேகாவும் காதுக்கு ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். ஆங்கில ஓ போட்டிருந்தால் என்ன ஆகும் யோசியுங்கள். பத்து எழுதிப் பக்கத்தில் ஓ போட்டால் நூறு! பழைய புத்தகங்களில் சின்ன ω-வை எண்ணுக்குப் பக்கத்தில் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். ஜோன்ஸும் சரி, பிரீஸும் சரி, வேல்ஸ்காரர்கள். இது பரீட்சைக்கு வராது, எனக்குப் பிடித்ததால் சொல்கிறேன்.

α, β, γ கதிர்களின் கதை வேறு. 1899இல் ரூதர்ஃபோர்டுக்குக் கதிரியக்கத்தில் இரண்டு வகைக் கதிர் இருப்பது தெரிந்தது. ஒன்று தாளிலேயே நின்றுவிடுகிறது, மற்றொன்று தாளைத் தாண்டிப் போகிறது. அவை என்ன என்று தெரியாது. அதனால் முதலாவது, இரண்டாவது என்று நம்பர் போடுகிற மாதிரி ஆல்ஃபா, பீட்டா. அடுத்த வருஷம் பாரிஸில் வில்லார்டு மூன்றாவதைக் கண்டார், 1903இல் ரூதர்ஃபோர்டு அதற்கு காமா என்று பெயர் வைத்தார். ஆல்ஃபா ஹீலியத்தின் கரு, பீட்டா எலக்ட்ரான் என்பதெல்லாம் இப்போது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பெயர் மட்டும் அன்றைக்கு வைத்த நம்பராகவே நிற்கிறது.

இதே வேலையை வானத்தில் செய்தவர் யோஹான் பாயர், தொழிலில் வக்கீல். 1603இல் நட்சத்திரப் படம் போட்டபோது, ஒவ்வொரு கூட்டத்திலும் ஏறக்குறைய வெளிச்ச வரிசையில் ஆல்ஃபா, பீட்டா என்று எழுதிக்கொண்டே போனார். நம் பஞ்சாங்கத்துத் திருவாதிரை அவர் கணக்கில் ஆல்ஃபா ஓரியானிஸ். கேட்டை ஆல்ஃபா ஸ்கார்ப்பியை. மகம், சித்திரை, ரோகிணி எல்லாமே அதனதன் கூட்டத்தில் ஆல்ஃபாதான். ஆனால் திருவாதிரை விஷயத்தில் மனுஷர் சறுக்கிவிட்டார். கீழே இருக்கும் பீட்டா, அதாவது ரீகல், பெரும்பாலான நாட்களில் அதைவிடப் பளிச்சென்று இருக்கும். மார்கழி ராத்திரி மொட்டைமாடியில் ஏறிப் பாருங்கள்.

சாயலில் முதல் எதிரி ν, நியூ. ஒளியின் ஆற்றல் சமன்பாட்டில் எச் பக்கத்தில் நிற்பது அதிர்வெண்ணான நியூ. பிள்ளைகள் அதை வி என்று படித்து, திசைவேகத்தைக் கொண்டுபோய்ப் பெருக்குவார்கள். நியூவுக்கு இடது கால் நேராக நிற்கும், வலது கால் வளைந்து மேலே போகும். வி-க்கு இரண்டு காலும் ஒரே மாதிரி சாயும். சந்தேகம் வந்தால் வாக்கியத்தில் 'அதிர்வெண்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

இன்னொன்று, ஒரே எழுத்து பல வீட்டில் வேலை பார்க்கும். μ படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. உராய்வுக் குணகம் அதுதான். ஒளிவிலகல் எண்ணுக்கும் சில புத்தகங்களில் அதுதான். காந்த உட்புகுதிறனும் அதுதான், பக்கத்தில் சின்னச் சுழி போட்டால் மியூநாட். மைக்ரோவும் அதுதான். புள்ளியியல்காரர்கள் சராசரிக்கும் அதையே பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஆகவே தாளில் μ எங்கே வந்தாலும் நம்பலாம், வரக்கூடாத இடம் என்று அநேகமாக எதுவுமில்லை.

ஜர்னல் டைப்செட்டர் எழுதியது:

அக்கா, சென்னையில் வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலையில் பதினாலு வருஷம் இருக்கிறேன். சார் வரலாறு சொல்லிவிட்டார், நான் கணினிப் பக்கம் சொல்கிறேன்.

உங்கள் ஊகம் அப்படியே சரி. அந்த சாரின் ஃபைலில் இருந்தது 'சிம்பல்' என்ற எழுத்துரு. அது பாமினியின் அண்ணன். உள்ளே சேமித்திருப்பது ஆங்கில எம்தான், மேலே போட்டிருக்கும் சட்டைதான் மியூ. கண்ட்ரோல் ஏ போட்டுச் சட்டையைக் கழற்றினீர்கள், எம் வெளியே வந்துவிட்டது. பல விசைகள் ஒலியை ஒட்டி அமைந்தவை: ஏ அடித்தால் ஆல்ஃபா, பி (b) அடித்தால் பீட்டா, டி அடித்தால் டெல்டா, எல் அடித்தால் லாம்டா. ஒலி ஒட்டாத இடத்தில் வடிவத்தைப் பார்த்தோ, மிச்சம் கிடந்ததையோ வைத்துவிட்டார்கள். டபிள்யூ ஒமேகா ஆனதும் க்யூ தீட்டா ஆனதும் அப்படித்தான்.

கட்டமாக விழாததற்கும் காரணம் உண்டு. 'செருகு' மெனுவில் போய்க் குறியீட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் வேர்டு அதைத் தனியாகப் பூட்டி வைத்திருக்கும், ஃபைலை வேறு மென்பொருளில் திறந்தால் கட்டமாகவாவது காட்டிக்கொடுத்திருக்கும். சார் எழுத்துருவை சிம்பலுக்கு மாற்றிவிட்டு விசைப்பலகையில் நேராக அடித்திருக்கிறார். அதுதான் ஆபத்தான ரகம்.

இனிமேல் யார் ஃபைல் கொடுத்தாலும் கண்ட்ரோல் ஏ-வுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தேடு பெட்டியில் எழுத்து எதுவும் போடாமல், வடிவமைப்பில் எழுத்துரு சிம்பல் என்று மட்டும் கொடுத்துத் தேடுங்கள். எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் யூனிகோடு எழுத்தை, அதாவது ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுத்திருக்கும் குறிமுறையின் எழுத்தை வையுங்கள். வேர்டில் பூஜ்யம், மூன்று, பி, சி (03BC) என்று நான்கும் சேர்த்து அடித்து ஆல்ட்டும் எக்ஸும் அழுத்தினால் அது μ ஆகிவிடும். கடைசி இரண்டு மட்டும் மாறும்: ஏ ஒன்பது போட்டால் Ω, பி எட்டு போட்டால் θ, பி பி போட்டால் λ, பி டி போட்டால் ν, சி பூஜ்யம் போட்டால் π. ஒன்று கவனம். முன்னால் 10 என்ற எண்ணை ஒட்டி அடித்தீர்கள் என்றால் அதையும் சேர்த்து விழுங்கிவிட்டு வேறு ஏதோ எழுத்தைக் கக்கும். நடுவில் ஓர் இடைவெளி விடுங்கள்.

யூனிகோடில் போட்டபின் எழுத்துருவை எத்தனை தடவை மாற்றினாலும் மியூ மியூவாகவே இருக்கும். உங்கள் தமிழ் எழுத்துருவில் கிரேக்கம் இல்லையென்றால் மென்பொருள் வேறொன்றிலிருந்து இரவல் வாங்கும். தடிமன் ஒட்டாது, ஆனால் எழுத்து மாறாது.

இதிலும் ஒரு குழி இருக்கிறது. யூனிகோடில் மியூ இரண்டு. கிரேக்க எழுத்தான மியூ ஒன்று. பழைய மேற்கு ஐரோப்பியக் குறிமுறையிலேயே 'மைக்ரோ குறி' என்று ஒன்று இருந்ததால் அது அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று சில மென்பொருளில் கிடைக்காது. ஓம் குறிக்கும் அப்படி ஒரு தனி இடம் இருக்கிறது, அதற்குப் பதில் கிரேக்க ஒமேகாவையே போடச் சொல்கிறது யூனிகோடு. எங்கள் கம்பெனியில் எல்லாவற்றையும் கிரேக்கத்துக்கு மாற்றிவிட்டுத்தான் பக்கத்தையே திறப்போம்.

சாயல் விஷயம். டி-யை வளைத்த மாதிரி இருக்கும் ∂ கிரேக்கமே இல்லை. லெஜாண்டர் 1786இல் பகுதி வகையிடலுக்கு எடுத்துக்கொண்ட வளைந்த டி அது, δ வேறு. கணத்தில் 'உறுப்பு' என்பதற்குப் போடும் ∈, 1889இல் பியானோ என்ற இத்தாலியக் கணிதக்காரர் வைத்தது. 'இருக்கிறது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்தான எப்சிலான்தான் அது, ஆனால் இப்போது தனிக் குறியாகிவிட்டது. எப்சிலான் கேட்ட இடத்தில் அதைப் போடக்கூடாது.

வட்டத்தில் கோடு கிழித்த கூட்டத்தில் பெரிய கலாட்டா வெற்றுக் கணம். நம் பள்ளிக்கூடங்களில் அதை 'ஃபை' என்றே படிப்பார்கள். சாக்பீஸ் சார் கோபிக்க வேண்டாம், அது ஃபை இல்லை. ஆந்த்ரே வெய்ல் என்ற பிரெஞ்சுக் கணிதக்காரர் நார்வே மொழியில் இருக்கும் கோடு கிழித்த ஓ எழுத்திலிருந்து எடுத்தது. அதில் சாய்ந்த கோடு வட்டத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். உண்மையான ஃபைக்கு இரண்டு உருவம்: φ என்று ஒரே இழுப்பில் சுருட்டியது, ϕ என்று வட்டமும் நேர்கோடுமாக நிற்பது. ஒன்றுதான் சரி என்று இல்லை. ஒரே தாளில் இரண்டையும் கலக்காதீர்கள், பையன் இரண்டு வெவ்வேறு அளவு என்று நினைத்துக்கொள்வான்.

சார் சொன்ன மியூ குழப்பத்துக்கு அச்சில் ஒரு தீர்வு உண்டு. அளவைக் குறிக்கும் μ சாய்ந்து நிற்கும், மைக்ரோ என்ற முன்னொட்டு நிமிர்ந்து நிற்கும். எங்கள் வேலையில் இதை விட்டால் எடிட்டர் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்புவார்.

கணக்கு அதிகம் வரும் தாள் என்றால் டெக் கற்றுக்கொள்ளுங்கள், பின்சாய்வு போட்டு எழுத்தின் பெயரை அடித்தால் எழுத்து வந்துவிடும். அமெரிக்காவில் டொனால்டு நூத் தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு 1977இல் வந்த புரூஃபைப் பார்த்து வெறுத்துப்போய், தானே எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. ஒரு நல்ல புரூஃப் கொடுத்திருந்தால் எனக்கு இந்த வேலை கிடைத்திருக்காது. அதன் பெயரில் கடைசியில் இருப்பது எக்ஸ் இல்லை, கிரேக்கக் கை. டெக்ஸ் என்று சொல்லித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன், ஒரு மாசம் கேலி செய்தார்கள்.

மாத்திரைச் சீட்டு எழுதியது:

மருந்தாளுநர் நான். எங்கள் பக்கத்தில் μ என்றாலே பயம். மைக்ரோகிராம் என்பதைக் கையால் μ போட்டு எழுதினால், வால் சரியாக இறங்காத அன்றைக்கு அது மில்லிகிராம்தான். அதனால் மைக்ரோகிராம் என்று முழுதாக எழுதச் சொல்வார்கள், அல்லது எம்சிஜி. தைராக்சின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், 25, 50, 100 என்று போட்டுப் பக்கத்தில் எம்சிஜிதான் இருக்கும்.

எனக்கு ஒரு சீட்டு வந்தது, தைராக்சின் 50, பக்கத்தில் தெளிவாக மில்லிகிராம். அந்த அளவுக்கு ஆயிரம் மாத்திரை எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பதால் உடனே தெரிந்துவிட்டது, போன் போட்டுக் கேட்டேன். டிஜாக்சின் மாதிரி மருந்து அப்படிக் காட்டிக்கொடுக்காது. அதன் மாத்திரை 0.25 மில்லிகிராம், அதையே 250 மைக்ரோகிராம் என்றும் எழுதுவார்கள். எண்ணும் அலகும் மாறி மாறி வரும் இடத்தில் கண் ஏமாந்துவிடும். டிடிபி அக்கா, உயிரியல், வேதியியல் தாள்களில் சார்கள் சம்மதித்தால் 'மைக்ரோ' என்று தமிழிலேயே அடித்துவிடுங்கள்.

வெண்பா எழுதியது:

எல்லாம் சரி. நமக்கு 247 எழுத்து இருக்கும்போது இந்த இருபத்து நாலுக்கு ஏன் அலைய வேண்டும்? கோணத்துக்கு 'கோ' என்று போட்டால் குடியா முழுகிவிடும்? கண்ட்ரோல் ஏ பிரச்சினையும் இருக்காது.

சாக்பீஸ் எழுதியது:

டைப்செட்டர் தம்பிக்கு முதலில். முப்பத்தொரு வருஷம் வெற்றுக் கணத்தை ஃபை என்று படித்த கணக்கு வாத்தியார்கள் எனக்குப் பத்துப் பேர் நண்பர்கள். இன்றைக்கே போன் போட்டு வம்பிழுக்கிறேன்.

வெண்பா ஐயா, தடை எதுவும் இல்லை. காண்டோர் என்ற கணிதக்காரர் முடிவிலிகளை அளக்க எபிரேய எழுத்தான அலெஃபை எடுத்தார். எண் கோட்பாட்டில் ரஷ்ய எழுத்து ஷா ஒரு குறியாக நிற்கிறது. இப்போது யோனேடா என்ற ஜப்பானியர் பெயரில் வரும் ஒன்றுக்கு 'யோ' என்ற ஜப்பானிய எழுத்தையே சிலர் போடுகிறார்கள். யாராவது ஒருவர் தன் கட்டுரையில் போட வேண்டும், படித்தவர்கள் அதையே எடுத்து எழுத வேண்டும். ஜோன்ஸுக்கு ஒரு ஆய்லர் கிடைத்த மாதிரி. நம் பழைய கணக்கில் முந்திரிக்கும் காணிக்கும் மாவுக்கும் தனிக் குறிகள் இருந்தன. 2019இல் அவை யூனிகோடிலேயே ஏறிவிட்டன, டைப்செட்டர் தம்பியைக் கேட்டால் அடித்துக் காட்டுவார்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1916இல் தன் சார்பு ஒன்றுக்கு எழுத்துத் தேடியபோது τ-வை, டௌவை எடுத்தார். இன்றைக்கும் அது ராமானுஜன் டௌ சார்புதான். 1920 ஜனவரியில் படுக்கையில் கிடந்தபடி கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதின கடைசிக் கடிதத்திலும் φ, ψ, χ. என் கடைசி பெஞ்சுப் பையன்களின் 'சை'யும் 'கை'யும் அதில் இருக்கின்றன. அவர் ஒரு 'ழ' போட்டிருந்தால் கேம்பிரிட்ஜில் எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்து நான் தனியாகச் சிரித்ததுண்டு.

பாளை டிடிபி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு நாள் கடையில் கூட்டம், அதனால் தாமதம்.

டைப்செட்டர் தம்பி சொன்ன மாதிரி சிம்பல் எழுத்துருவைத் தேடும் வித்தையைப் பழைய ஃபைல்களில் ஓட்டிப் பார்த்தேன். வயிறு கலங்கிவிட்டது, இன்னும் இரண்டு தாளில் இதே கோளாறு இருந்திருக்கிறது. யாரும் திட்டாததால் எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. அந்தச் சார்களிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

பாமினி விசை அட்டவணை ஒட்டியிருக்கும் சுவரில் பக்கத்திலேயே சிம்பல் அட்டவணையையும் ஒட்டிவிட்டேன். பழக வந்த பிள்ளை நின்று பார்த்துவிட்டு, "அக்கா, எம் அடிச்சா இங்க அ, அங்க மியூவா?" என்றாள். பி (p) விசை இந்தப் பக்கம் இகரக் கொம்பு, அந்தப் பக்கம் பை. அவளுக்கு அரை மணி நேரம் இதே விளையாட்டுதான்.

நேற்று ஒரு தாளில் எச் பக்கத்தில் வி நின்றது. வாக்கியத்தில் 'அதிர்வெண்' இருந்தது. சாக்பீஸ் சார் சொன்னது நினைவு வந்து போன் போட்டேன். "ஆமாம்மா, நியூதான், நான்தான் சோம்பேறித்தனமா வி அடிச்சுட்டேன்" என்றார் அந்த சார். பத்தொன்பது வருஷத்தில் இயற்பியல் தாளில் நான் பிடித்த முதல் பிழை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அட்டவணையில் ஒமிக்ரான் என்று ஒன்று இருக்கிறது. எந்தத் தாளிலும் அதைப் பார்த்ததே இல்லையே?

சாக்பீஸ் எழுதியது:

பார்த்தாலும் தெரியாது தங்கச்சி, அச்சு அசல் ஆங்கில ஓ. ஓவுக்கும் சுழியத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவரை யார் கூப்பிடுவார்கள்? பெரிய ஆல்ஃபா, பெரிய பீட்டா கதியும் அதுதான், பார்க்க ஆங்கில ஏ, பி. ஒமிக்ரானுக்கு வாழ்வு வந்தது 2021 நவம்பரில். கொரோனா வகைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வரிசையாக வைத்துக்கொண்டு வந்த பெயரில் அடுத்தது நியூ. ஆங்கிலத்தில் 'புதிய' என்று காதில் விழும் என்று விட்டார்கள். அதற்கடுத்த க்ஸை சீனாவில் பலருக்குக் குடும்பப் பெயர், அதையும் விட்டார்கள். மூன்றாவதாக வந்து மாட்டியது இது.

பாளை டிடிபி எழுதியது:

அப்போது ஒமிக்ரான் விழிப்புணர்வு நோட்டீஸ் ரெண்டாயிரம் அடித்தேன் சார். அது யாரோ டாக்டர் பேர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் கையால் எழுதிக் கொடுத்தவரின் அரையாண்டுத் தாள் இன்று வந்தது. ஏழாவது கேள்வியில் அதே புழு. இந்தத் தடவை ξ என்று அடித்துவிட்டேன்.